ஸ்லோ குக்கரில் பீஃப் சில்லி: ஊறவைத்த ராஜ்மாவை அப்படியே போடலாமா?

கேட்டவர் அமெரிக்காவில் இருக்கிறார். புதிதாக ஆறு குவார்ட் (சுமார் 5.7 லிட்டர்) ஸ்லோ குக்கர் வாங்கியிருக்கிறார். குறைந்த சூட்டில் மணிக்கணக்கில் வேகவைக்கும் மின்சாரப் பாத்திரம் அது. அதில் அவர் செய்ய நினைத்தது சில்லி, அதாவது மாட்டிறைச்சியை மிளகாயோடு சேர்த்துக் கெட்டியாக வேகவைக்கும் அமெரிக்கக் குழம்பு. காலையில் மாட்டிறைச்சி, இரவு ஊறவைத்த ராஜ்மா (சிவப்பு கிட்னி பீன்ஸ்), தக்காளி, வெங்காயம், மூன்று மேசைக்கரண்டி மிளகாய்த்தூள், நாலு கப் தண்ணீர் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு, லோவில் (குறைந்த சூட்டில்) வைத்துவிட்டு வேலைக்குப் போயிருக்கிறார். மாலையில் வந்து பார்த்தால் ரசம் மாதிரி தண்ணீராக இருந்திருக்கிறது, காரம் வாயில் வைக்க முடியவில்லை, பீன்ஸ் கடிபடுகிறது. இறைச்சி மட்டும் பஞ்சாக வெந்திருக்கிறது. எதை மாற்ற வேண்டும் என்று கேட்கிறார்.

அந்த இறைச்சி நன்றாக வெந்ததிலேயே பாதி பதில் இருக்கிறது. முரட்டு இறைச்சியை நிதானமாக மெத்தென்று ஆக்குவது ஸ்லோ குக்கருக்கு அருமையாக வரும். பீன்ஸைத் தளதளவென்று கொதிக்கவைப்பது, இறைச்சியைச் சிவக்க வறுப்பது, மசாலாவின் பச்சை வாசனையைப் போக்குவது, தண்ணீரை வற்றவைப்பது, இந்த நாலும் அதற்கு வராது. இவற்றை அடுப்பில் முடித்துவிட்டு மீதியை அதனிடம் விட்டால் நல்ல சில்லி கிடைக்கும்.

முதலில் பீன்ஸ். சுவையெல்லாம் அப்புறம் பேசலாம், இது உடம்பு சம்பந்தப்பட்டது. சிவப்பு ராஜ்மாவில் ஃபைட்டோஹீமக்ளுட்டினின் என்ற ஒரு புரதம் இருக்கிறது. பல பயறுகளில் இது உண்டு என்றாலும் சிவப்பு கிட்னி பீன்ஸில்தான் மிக அதிகம். நன்றாகக் கொதித்தால் அழிந்துவிடும். அரைவேக்காட்டில் அழியாது. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் கையேட்டில் இதற்குத் தனி அத்தியாயமே இருக்கிறது. பச்சையாக நாலைந்து பீன்ஸ் சாப்பிட்டாலே போதும், ஒன்று முதல் மூன்று மணி நேரத்துக்குள் கடுமையான குமட்டலும் வாந்தியும், பிறகு வயிற்றுப்போக்கும் வரலாம் என்கிறது அது. பெரும்பாலும் சில மணி நேரத்தில் சரியாகிவிடும், ஆனால் சிலரை மருத்துவமனையில் சேர்க்கவேண்டி வந்திருக்கிறது. பிரிட்டனில் 1970களின் பிற்பகுதியில் இப்படிப் பலர் பாதிக்கப்பட்ட பிறகுதான் இதை எல்லோரும் கவனிக்கத் தொடங்கினார்கள்.

ஸ்லோ குக்கரில் இது ஏன் பெரிய விஷயம் என்றால், அதில் செய்த உணவுகளைச் சோதித்துப் பார்த்தபோது உள்வெப்பம் பல நேரங்களில் 75 டிகிரி செல்சியஸைத் தாண்டவே இல்லை. அதைவிட மோசம், 80 டிகிரி அளவில் மட்டும் சூடாக்கினால் நச்சுத்தன்மை வேகவைக்காத ராஜ்மாவைவிட ஐந்து மடங்கு வரை கூடலாம் என்று அதே கையேடு எச்சரிக்கிறது. இப்போது வரும் குக்கர்கள் பழையவற்றைவிடச் சூடானவை, பல மணி நேரம் போனால் கொதிநிலையை நெருங்கும் என்பது உண்மைதான். ஆனால் மாடலுக்கு மாடல் வித்தியாசம், எவ்வளவு நிரப்பியிருக்கிறோம் என்பதிலும் வித்தியாசம். அதை நம்பி ஊறவைத்த ராஜ்மாவை அப்படியே போடாதீர்கள். உங்கள் பீன்ஸ் கடிபட்டது என்றால் அது சரியாக வேகவில்லை என்றுதான் அர்த்தம். அந்தச் சில்லி மீதி இருந்தால் கொட்டிவிடுங்கள்.

செய்ய வேண்டியது சுலபம்தான். இரவு நிறையத் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி உப்பு போட்டு ஊறவையுங்கள். குறைந்தது ஐந்து மணி நேரம் ஊற வேண்டும். உப்பு போட்டால் பீன்ஸ் வேகாது என்று வீட்டில் சொல்வார்கள், ஆனால் ஊறும் தண்ணீரில் உப்பு இருந்தால் தோல் சீக்கிரம் மென்மையாகிறது, வெடிக்காமலும் வேகிறது. பிறகு அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் 30 நிமிடம் தளதளவென்று கொதிக்கவிட்டு, முக்கால் பதத்துக்கு மேல் வரும்வரை வேகவையுங்கள். வீட்டில் பிரஷர் குக்கர் இருந்தால் இன்னும் நல்லது. ஊறிய ராஜ்மாவுக்கு மூன்று நாலு விசில் விட்டு, ஆவி தானாக அடங்கும்வரை காத்திருங்கள். பிரஷர் குக்கருக்குள் வெப்பம் 100 டிகிரியைத் தாண்டிப் போகும், அதனால் இந்தப் புரதத்தைப் பற்றிக் கவலையே வேண்டாம்.

டின் பீன்ஸ் வாங்கினால் இந்த வேலை எதுவும் இல்லை. அது டின்னுக்குள்ளேயே உயர் அழுத்தத்தில் வேகவைத்தது. வடிகட்டி, ஒருமுறை அலசிப் போட்டால் போதும். 15 அவுன்ஸ் டின் இரண்டும் ஒரு கப் காய்ந்த ராஜ்மாவும் ஏறத்தாழ ஒரே அளவுதான். வேலைநாளில் டின்னைத் திறப்பதில் எந்தக் குறையும் இல்லை என்பது என் எண்ணம்.

பீன்ஸ் வேகாததற்கு இன்னொரு காரணம் தக்காளி. புளிப்பு இருக்கும் இடத்தில் பயறுகளின் தோலும் உள்சதையும் இளகாது. டின் தக்காளியில் துண்டுகள் குலையாமல் இருக்கக் கால்சியம் குளோரைடு சேர்ப்பார்கள், அதுவும் பீன்ஸை இறுக்கமாகவே வைத்திருக்கும். புளி ஊற்றிய பிறகு குழம்பில் போட்ட காய் வேகாமல் நிற்குமே, அதே கதைதான். முன்பே வெந்த பீன்ஸுக்கு இந்தக் குணம் நன்மையாக மாறுகிறது, எட்டு மணி நேரம் தக்காளியில் கிடந்தாலும் குழையாமல் முழுசாக நிற்கும்.

இனி இறைச்சி. கடையில் 'ஸ்டியூ மீட்' என்று வெட்டி வைத்திருப்பதை வாங்காதீர்கள். பல பாகங்களின் மிச்சங்களைச் சேர்த்துக் கட்டுவதால் ஒரு துண்டு கரையும், பக்கத்துத் துண்டு நார் நாராக நிற்கும். சக் ரோஸ்ட் என்று கேளுங்கள். மாட்டின் தோள் பகுதி அது, வேலை செய்த தசை. அதில் கொழுப்பும் கொலாஜன் என்ற இணைப்புத் திசுவும் நிறைய. 70 டிகிரிக்கு மேல் மணிக்கணக்கில் இருக்கும்போது கொலாஜன் ஜெலட்டினாக இளகுகிறது, அதுதான் குழம்புக்கு உதட்டில் ஒட்டும் அடர்த்தியைத் தருகிறது. கொழுப்பில்லாத விலை உயர்ந்த துண்டைப் போட்டால் எட்டு மணி நேரத்தில் வறண்டு போகும். ஒரு கிலோ சக் வாங்கி, இரண்டு சென்டிமீட்டர் துண்டுகளாக நீங்களே வெட்டுங்கள்.

கொத்துக்கறியிலும் செய்யலாம். அமெரிக்க வீடுகளில் பாதிக்கு மேல் அப்படித்தான் செய்வார்கள் என்று நினைக்கிறேன். 80க்கு 20 கொழுப்புள்ளதை வாங்கி, வாணலியில் உதிர்த்து முழுவதும் வேகவைத்து, மிதக்கும் கொழுப்பை வடித்துவிட்டுப் போட வேண்டும். பச்சையாகப் போட்டால் கட்டி கட்டியாக நிற்கும், மேலே ஒரு விரல் உயரத்துக்கு எண்ணெய் மிதக்கும். கொத்துக்கறிக்கு லோவில் ஆறு மணி நேரம் தாராளம், அதற்கு மேல் வைத்தால் மணல் மாதிரி ஆகிவிடும். காலை எட்டுக்குக் கிளம்பி மாலை ஆறுக்கு வருகிறவர்களுக்குத் துண்டுக்கறிதான் பொருந்தும் என்று சொல்வதற்கு இதுவே காரணம்.

துண்டுகளைச் சிவக்க வறுப்பதை மட்டும் தயவுசெய்து தவிர்க்காதீர்கள். கறிக்கு அந்த வறுத்த மணம் வரவேண்டுமென்றால் மேற்பரப்பு 140 டிகிரியைத் தாண்ட வேண்டும். ஈரமான பாத்திரத்துக்குள் அது ஒருநாளும் நடக்காது. எத்தனை மணி நேரம் வைத்தாலும் வேகவைத்த கறியின் மணம்தான் வரும். துண்டுகளை டிஷ்யூவால் நன்றாக ஒற்றி ஈரம் போக்கி, உப்பு தடவி, கனமான வாணலியில் எண்ணெய் காய்ந்ததும் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். ஒரே நேரத்தில் கொட்டினால் தண்ணீர் விட்டு வெந்துவிடும், சிவக்காது. எல்லாப் பக்கமும் சிவக்கத் தேவையில்லை, இரண்டு பக்கம் நல்ல பழுப்பு வந்தால் போதும். எடுத்த பிறகு வாணலியின் அடியில் ஒட்டியிருக்கும் பழுப்பைக் கழுவிவிடாதீர்கள். சுவையில் பெரும்பங்கு அதில்தான் இருக்கிறது.

அதே வாணலியில் பொடியாக நறுக்கிய இரண்டு பெரிய வெங்காயத்தைப் பொன்னிறமாக வதக்கி, ஆறு பல் பூண்டு, இரண்டு மேசைக்கரண்டி தக்காளி பேஸ்ட் சேர்த்து, பேஸ்ட்டின் நிறம் செங்கல் நிறத்துக்கு மாறும்வரை கிளறுங்கள். பச்சை வெங்காயத்தை ஸ்லோ குக்கரில் போட்டால் மாலை வரை அந்த நெடி போகாது.

காரத்துக்கு வருவோம். உங்கள் சில்லி வாயில் வைக்க முடியாமல் போனதற்குக் காரணம் அந்த மூன்று மேசைக்கரண்டிதான். அமெரிக்கச் செய்முறைகளில் 'சில்லி பவுடர்' என்று வருவது நம் கடை மிளகாய்த்தூள் அல்ல. காரம் குறைந்த காய்ந்த மிளகாயுடன் சீரகம், ஆரிகனோ, பூண்டுத்தூள் சேர்த்து அரைத்த கலவை அது. சில பிராண்டுகளில் உப்பும் இருக்கும். டெக்சஸில் நியூ பிரான்ஃபெல்ஸ் என்ற ஊரில் வாழ்ந்த வில்லியம் கெப்ஹார்ட் என்ற ஜெர்மானியக் குடியேறி 1890களில் இதைப் புட்டியில் அடைத்து விற்கத் தொடங்கினார். மிளகாய் கிடைக்காத பருவத்திலும், மெக்சிகோ எல்லையிலிருந்து வெகு தொலைவில் இருக்கும் வீடுகளிலும் சில்லி செய்ய முடிந்தது அதனால்தான். அந்தப் புட்டியை மூன்று மேசைக்கரண்டி போடலாம். இந்தியக் கடையில் வாங்கிய மிளகாய்த்தூளை அந்த அளவுக்குப் போட்டால் நீங்கள் சொன்னதுதான் நடக்கும்.

எனக்குக் கேட்டால் புட்டியையும் விட்டுவிட்டு முழு மிளகாய் வாங்கச் சொல்வேன். மெக்சிகன் கடைகளிலும், இப்போது பெரிய சூப்பர் மார்க்கெட்டுகளிலும் ஆஞ்சோ, குவாஹியோ இரண்டும் கிடைக்கும். ஆஞ்சோ என்பது பழுத்துக் காய்ந்த பொப்லானோ மிளகாய். கறுத்துச் சுருங்கியிருக்கும், திராட்சையை நினைவூட்டும் ஒரு இனிப்பு அதில் உண்டு. குவாஹியோ நீளமானது, நல்ல சிவப்பு நிறம் தருவது. இரண்டிலும் மூன்று மூன்று எடுத்து, காம்பும் விதையும் நீக்கி, சூடான தோசைக்கல்லில் சில நொடிகள் புரட்டுங்கள். மணம் வந்ததும் எடுத்துவிட வேண்டும், கருகினால் மொத்தச் சில்லியும் கசக்கும். வெந்நீரில் 20 நிமிடம் ஊறவைத்து மிக்ஸியில் மைய அரையுங்கள். ஊறவைத்த தண்ணீரைக் கொஞ்சம் சுவைத்துப் பாருங்கள், கசந்தால் கொட்டிவிட்டு வெறும் தண்ணீரில் அரையுங்கள். இந்த விழுதில் காரம் மிதமாகவும் மணம் பிரமாதமாகவும் இருக்கும். காரம் போதாது என்றால் புகையூட்டிய சிப்போட்லே மிளகாய் ஒன்றைச் சேர்க்கலாம், அல்லது நம் மிளகாய்த்தூள் அரைத் தேக்கரண்டி. இந்த மிளகாய்கள் கிடைக்காத இடத்தில் காஷ்மீரி மிளகாய்த்தூள் இரண்டு மேசைக்கரண்டி, புகையூட்டிய பாப்ரிக்கா (காரம் குறைந்த ஒரு மிளகாய்த்தூள்) ஒரு தேக்கரண்டி என்று வைத்துக்கொண்டால் அதே சுவை வராவிட்டாலும் அந்தத் திசையில் போகும்.

விழுதை வெங்காயத்தோடு சேர்த்து எண்ணெய் பிரியும்வரை வதக்குங்கள். வறுத்து அரைத்த சீரகம் ஒரு மேசைக்கரண்டி, ஆரிகனோ இரண்டு தேக்கரண்டி அப்போது போட வேண்டும். மசாலாவின் மணம் எண்ணெயில்தான் இறங்கும், தண்ணீரில் அல்ல என்பதை தாளித்துப் பழகிய கைக்கு விளக்கத் தேவையில்லை. ஆரிகனோவில் மெக்சிகன் என்று போட்டிருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். பீட்சாவில் தூவும் மத்தியதரைக்கடல் ஆரிகனோ வேறு குடும்பத்துச் செடி, மணமும் வேறு. கரம் மசாலா, கறிவேப்பிலை, தேங்காய் எதுவும் இதற்கு வேண்டாம். அவை சேர்ந்தால் நல்ல குழம்பு கிடைக்கலாம், சில்லி கிடைக்காது.

இப்போது வாணலியில் ஒரு கப் பீஃப் பிராத் (மாட்டிறைச்சி வேகவைத்த சாறு) ஊற்றி, அடியில் ஒட்டியதை எல்லாம் சுரண்டிக் கொதிக்கவிட்டு, 28 அவுன்ஸ் டின் நசுக்கிய தக்காளியையும் சேர்த்து ஒரு கொதி வந்ததும் சூடாகவே ஸ்லோ குக்கரில் ஊற்றுங்கள். வறுத்த இறைச்சியும் வெந்த பீன்ஸும் மேலே. குக்கர் பாதிக்கு மேல் முக்காலுக்குள் நிரம்பியிருக்க வேண்டும். லோவில் எட்டு மணி நேரம், ஹையில் நாலரை முதல் ஐந்து மணி நேரம். திரவம் ஒரு கப் பிராத் மட்டும்தான், தக்காளியிலும் இறைச்சியிலும் இருப்பதே மீதி. ஸ்லோ குக்கரில் ஆவி மூடியில் பட்டு மறுபடி உள்ளேயே சொட்டும், வற்றவே வற்றாது. நீங்கள் ஊற்றிய நாலு கப்பும் அப்படியே இருந்தது அதனால்தான். அடுப்புச் செய்முறையைப் பார்த்து இதில் செய்கிறவர்கள் திரவத்தைப் பாதியாகக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

நடுவில் மூடியைத் திறந்து பார்க்க ஆசை வரும். ஒவ்வொரு முறையும் சேர்ந்த சூடு போய்விடும், திரும்ப ஏற இருபது முப்பது நிமிடம் ஆகும். கடைசி ஒரு மணி நேரம் வரை தொடாதீர்கள்.

மாலையில் வந்ததும் ஹைக்கு மாற்றி, மேலே மிதக்கும் எண்ணெயைக் கரண்டியால் எடுங்கள். மாசா ஹரினா என்ற மக்காச்சோள மாவு இரண்டு மேசைக்கரண்டியைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து ஊற்றி, மூடியை லேசாகத் திறந்துவைத்து அரை மணி நேரம் விட்டால் பதமாகக் கெட்டியாகும். டார்ட்டியா என்ற மெக்சிகன் ரொட்டி செய்யும் அதே மாவு இது, அதன் மணமும் சேரும். அது இல்லாவிட்டால் ஒரு கரண்டி பீன்ஸை மசித்துக் கலந்தாலும் சரி. உப்பைக் கடைசியாக ஒருமுறை சரிபாருங்கள், எட்டு மணி நேரத்தில் சுவை மழுங்கிப்போயிருக்கும். அரை எலுமிச்சம்பழம் பிழிந்தால் அது மீண்டும் எழும். ஒரு தேக்கரண்டி இனிக்காத கோகோத்தூள் சேர்ப்பவர்களும் உண்டு, எனக்குப் பிடிக்கும்.

சில்லியில் பீன்ஸ் போடலாமா என்று ஒரு டெக்சஸ்காரரிடம் கேட்டுப் பாருங்கள், உணவு ஆறும்வரை பேசுவார். டெக்சஸின் சான் அன்டோனியோ நகரச் சதுக்கங்களில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் 'சில்லி குவீன்ஸ்' என்று அழைக்கப்பட்ட பெண்கள் மாலை நேரத்தில் மேசை போட்டு, விளக்கு வெளிச்சத்தில் சில்லி விற்றார்கள். 1893இல் சிகாகோ உலகக் கண்காட்சியில் சான் அன்டோனியோ சில்லிக் கடை ஒன்று இருந்தது, அங்கிருந்து இதன் புகழ் நாடு முழுக்கப் பரவியது. 1930களில் சுகாதார விதிகளைக் காட்டி அந்தப் பெண்களைச் சதுக்கங்களிலிருந்து அகற்றிவிட்டார்கள். இந்த உணவுக்குப் பெயர் வாங்கித் தந்தவர்கள் அவர்கள்தான், அவர்களில் பெரும்பாலோர் பெயர் எங்கும் பதிவாகவில்லை என்பது வருத்தம். 1977இல் சில்லி டெக்சஸின் அதிகாரபூர்வ மாநில உணவானது. 1967 முதல் டெர்லிங்குவா என்ற பாலைவனச் சிற்றூரில் சில்லிப் போட்டி நடக்கிறது, அங்கே பீன்ஸ் போட்டால் போட்டியிலேயே சேர்க்கமாட்டார்கள். டெக்சஸுக்கு வெளியே பெரும்பாலான வீடுகளில் பீன்ஸ் இல்லாமல் சில்லி இல்லை. நான் பீன்ஸ் பக்கம். ஒரு கிலோ இறைச்சியில் எட்டுப் பேர் வயிறு நிறையச் சாப்பிட முடிவதும், குழம்பை இழுத்துப் பிடித்துக்கொள்ளும் மாவுத்தன்மையும் பீன்ஸால்தான்.

ஸ்லோ குக்கரின் பிறப்பிலும் பீன்ஸ் இருக்கிறது. சிகாகோவில் இர்விங் நாக்ஸன் என்ற பொறியாளர் 1940இல் காப்புரிமை பெற்ற சாதனத்தை 'நாக்ஸன் பீனரி' என்ற பெயரில் விற்றார். லிதுவேனியாவில் யூதக் குடும்பங்கள் ஓய்வுநாளுக்காக வெள்ளி மாலையே பீன்ஸும் இறைச்சியும் போட்ட பானையை ஊர் பேக்கரியின் அடுப்பில் வைத்துவிட்டு மறுநாள் எடுத்துச் சாப்பிடுவார்கள் என்று அவருடைய தாய் சொன்ன கதைதான் அதற்குத் தூண்டுதல். 1970இல் ரைவல் நிறுவனம் அதை வாங்கி, அடுத்த ஆண்டு கிராக்-பாட் என்று கொண்டுவந்தது. வேலைக்குப் போகும் பெண்கள் பெருகிய காலம், அதனால் விற்பனை எகிறியது.

காலை அவசரத்துக்கு ஒரு யோசனை. இரவே பீன்ஸை வேகவைத்து, வெங்காய மிளகாய் மசாலாவை வதக்கி, இரண்டையும் தனித்தனியாக ஃபிரிட்ஜில் வையுங்கள். இறைச்சியை வெட்டிப் பச்சையாகவே வேறு பாத்திரத்தில் வையுங்கள். அரைகுறையாக வறுத்து ஃபிரிட்ஜில் வைத்து மறுநாள் வேகவைப்பது மட்டும் கூடாது, பாதி வெந்த இறைச்சியில் கிருமிகள் பெருகும். காலையில் பதினைந்து நிமிடம் வறுத்து, பிராத்தும் தக்காளியும் மசாலாவும் கொதித்ததும் சேர்த்துவிட்டுக் கிளம்பலாம். ஃபிரீசரிலிருந்து எடுத்த கட்டியான இறைச்சியை நேராகப் போடக்கூடாது. உருகிச் சூடேறவே பல மணி நேரம் ஆகும், அதுவரை அது ஆபத்தான இதமான சூட்டில் கிடக்கும்.

உங்கள் குக்கர் சரியாகச் சூடாகிறதா என்று சந்தேகம் இருந்தால் பாதி அளவு தண்ணீர் ஊற்றி, மூடி, லோவில் எட்டு மணி நேரம் வைத்து, திறந்த உடனே வெப்பமானியால் பாருங்கள். 85 முதல் 93 டிகிரி செல்சியஸுக்குள் இருந்தால் நல்லது. அதற்குக் கீழே என்றால் இறைச்சிக்கு அதை நம்ப வேண்டாம்.

மிச்சத்தை அந்தக் கனமான பீங்கான் பாத்திரத்தோடு ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள், அது ஆற வெகுநேரம் எடுக்கும். ஆழமில்லாத டப்பாக்களில் பிரித்து இரண்டு மணி நேரத்துக்குள் உள்ளே வைத்துவிட வேண்டும். மூன்று நாலு நாள் தாங்கும், ஃபிரீசரில் மூன்று மாதம். மறுநாள் சுவை கூடியிருக்கும். சூடாக்குவதை அடுப்பிலேயே செய்யுங்கள், ஸ்லோ குக்கரில் அல்ல. நன்றாகக் கொதி வந்ததும் துருவிய செடார் சீஸ், பொடியாக நறுக்கிய வெங்காயம், ஒரு கரண்டி புளித்த கிரீம், பக்கத்தில் கார்ன்பிரெட்.